முன்சப்பை வெந்த நாள்

பன்றியின் தோல் மனிதத் தோலாக மாறாது என்பதை நாலு வருஷம் கல்லூரியில் படித்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முன்பு என் மாமா சொன்னதுதான் எனக்கு விஞ்ஞானம். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். தீக்காயக்காரர்களுக்கு முட்டை, மீன், பருப்பு, பால், நெல்லிக்காய் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வருவேன். இறைச்சி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா ஒரு நொடி நின்றுவிடும். எதிரே இருப்பவர்கள் நான் ஏதோ யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன். சிவகாசியில் ஒரு பட்டாசு குடோனில் லோடு ஏற்றுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடோனை ஒட்டிய ஒற்றை அறையிலேயே குடியிருந்தார். அந்த வளாகத்துக்குள் பீடி பற்ற வைத்தால்கூட வேலை போய்விடும். அப்படி அடுப்பே இல்லாமல் வாழ்ந்த மனிதர், பன்றிக்கறி சமைப்பதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் வேடிக்கை. ஆனால் அது பொய்யில்லை. யார் வீட்டு விசேஷத்துக்கு வெண்பன்றி எடுத்தாலும் ஆள் அனுப்பிக் கூட்டிப் போவார்கள்.

எங்கள் வீடு தாயில்பட்டிப் பக்கம். அம்மா அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் இறக்கிவிடும்போது அவள் கன்னத்திலும் புருவத்திலும் வெள்ளித்தூள் மின்னும். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஆசையாக இருக்கும், விடமாட்டாள். நேராகப் பின்பக்கம் போய், சேலைக்கு மேல் போட்டிருக்கும் அப்பாவின் பழைய சட்டையைக் கழற்றித் தாழ்வாரச் சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டு, தலையோடு குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். அடுப்பைத் தொடுவதும் என்னைத் தொடுவதும் அதற்குப் பிறகுதான். அந்த மருந்துச் சட்டைகள் இரண்டு இருந்தன. அந்த ஆணிப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அவர் அப்படிப் பேசுகிற ஆளில்லை, ஆகையால் நான் போனதில்லை.

இன்னொரு பழக்கமும் எங்கள் வீட்டில் இருந்தது. எதையும் டமார் என்று கீழே போடக் கூடாது, தரையில் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது. கம்பெனியில் அம்மா கற்றுக்கொண்டது வீட்டுக்கும் வந்துவிட்டது. பென்சிலைக்கூட நான் தரையில் மெதுவாகத்தான் வைப்பேன். பள்ளிக்கூடத்தில் என்னை ரொம்ப அடக்கமான பிள்ளை என்று பாராட்டினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரத்தில், அம்மா வேலை பார்த்த அறைக்குப் பக்கத்து அறையில் தீப்பிடித்தது. அம்மா கதவோரம் இருந்ததால் வெளியே ஓடிவிட்டாள். வலது கை மட்டும் முழங்கை வரை வெந்துவிட்டது. கையோடு போனதே என்று வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அது யாருடைய கை என்று அவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

நாற்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே பால் காய்ச்சுவதற்காக அப்பா கேஸ் அடுப்பில் லைட்டரை அழுத்தினார். அந்தச் சின்னச் சத்தத்துக்கு அம்மா கட்டிலிலிருந்து எழுந்து மூலையில் போய் ஒண்டிக்கொண்டாள். சுவரைப் பார்த்து நின்ற அவள் முதுகு நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே அப்பா அடுப்பையும் சிலிண்டரையும் பக்கத்து வீட்டுச் சித்தியின் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே போய்த்தான் சோறு பொங்கிக்கொண்டு வருவார். சித்தி வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூட அம்மா இடது கையால் ஒரு காதைப் பொத்திக்கொள்வாள். இன்னொரு காதைப் பொத்தக் கை இல்லை. நான் போய்ப் பொத்துவேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அம்மா அடுப்போடு காய் விட்டிருக்கிறாள். எனக்கும் வகுப்பில் ஒருத்தியோடு காய். ஒருநாள் பழம் விட்டுவிடுவோம் என்று எனக்குத் தெரியும், அதுபோல இதுவும் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

ஆனால் அவள் சாப்பிடாததுதான் பெரிய கவலையாக இருந்தது. எதை வாயில் வைத்தாலும் மருந்து வாடை அடிக்கிறது என்பாள். அப்பா முட்டையை அவித்து, உரித்து, மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுத்தால் ஒரு வாய் கடித்து அதையும் விழுங்காமல் கன்னத்திலேயே வைத்திருப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கெடு கொடுத்து அனுப்பியிருந்தார். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துத் தைக்க வேண்டும், ஆனால் உடம்பில் சத்தே இல்லை, இப்படியே வைத்தால் ஒட்டாது, பதினைந்து நாளில் நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வாருங்கள் என்று. தேறாவிட்டால் விரல்கள் மடங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா வாசலில் நின்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டுவிட்டேன்.

விரல் ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க, என் வலது கை விரல்கள் நான்கையும் ரிப்பனால் சுற்றிக் கட்டிக்கொண்டு அரை நாள் இருந்தேன். சட்டைப் பித்தான் போட முடியவில்லை. சடை பின்ன முடியவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை. பிசைந்து எனக்கு ஊட்டுவதற்கு அம்மாவுக்கு அந்தக் கைதான் வேண்டும் என்று தோன்றியதும் ரிப்பனை அவிழ்த்துவிட்டு அழுதேன்.

அதுவரை ஆறு நாள் போயிருந்தது. அம்மாவைப் பார்க்க வந்த மாமா, என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா, "முன்சப்பை வச்சுத் தாரியாண்ணே?" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் தானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வீட்டில் பன்றிக்கறி புழக்கம் கிடையாது. அவர்கள் சாமிக்கு ஆகாது என்பார்கள். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவும் அதைத் தொட்டதில்லை, கேட்டதும் இல்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் இடிந்து கிடந்த சுவருக்கு அந்தப் பக்கம், கடப்பாரையை வைத்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அம்மா படுத்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடம், காற்றும் வீட்டுப் பக்கம் அடிக்காது. தோண்டி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு, தான் வருவதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும் என்று மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டுத் தான் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்குக் கிளம்பினார். காலண்டர் சீசன், அவருக்கு ஞாயிறும் வேலை.

மாமா ராத்திரி முழுக்க லோடு ஏற்றிய களைப்போடு வந்திருந்தார். தீக்குச்சி உரசக் கூடாது, விறகு எரியக் கூடாது, ஆனாலும் முன்சப்பை வேக வேண்டும். அதற்கு அவர் டீக்கடைக்குப் போய், பாய்லரிலிருந்து கங்கை இரும்புச் சட்டியில் அள்ளிச் சாம்பலைப் போட்டு மூடி, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து வந்தார். அதைக் குழியில் கொட்டி மேலே கரியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கரி முழுக்கச் சிவந்தது. ஒரு பொட்டுத் தீ கிளம்பவில்லை.

முன்சப்பை என்பது முன்னங்காலும் தோளும் சேர்கிற இடம். நாளெல்லாம் நடந்து பாரம் சுமந்த சதை என்பதால் சும்மா வேகாது, கெஞ்சிக் கேட்டால்தான் வேகும் என்பார் மாமா. தோலோடும் எலும்போடும் பெரிய துண்டுகளாகப் போட்டு, மஞ்சள், கல்லுப்பு, தட்டிய நல்லமிளகு, சீரகம், முழுப் பூண்டு, உரித்த சின்ன வெங்காயம், நாலு வத்தல். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை, அதன் கொழுப்பே போதும். ஒரு கொதி வந்ததும் கங்கின்மேல் சாம்பலைத் தூவிச் சூட்டை அடக்கினார். மூடியைப் போட்டு அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தார். இனி நாலு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. அவசரப்பட்டால் கறி விறைத்துக்கொள்ளும், பொறுத்தால் எலும்பை ஒட்டிய நரம்பெல்லாம் உருகிப் பசையாகிவிடும்.

அந்தப் பசையைப் பற்றித்தான் எனக்கு அவர் பாடம் எடுத்தார். "அந்தப் பசையும் தோலுந்தான் தாயி ஒங்க அம்மா கையில தோலா வரப்போகுது" என்றார். இன்று கேட்டால், வயிற்றுக்குள் போனதும் அது துண்டு துண்டாக உடைந்துவிடும், புண் ஆறுவதற்கு அந்தச் சதையில் உள்ள புரதம்தான் முக்கியம், வெறும் பசை போதாது, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள் என்று நீட்டி முழக்குவேன். அன்றைக்கு அப்படியே நம்பினேன். நம்பியதால்தான் வினை வந்தது.

ஏனென்றால் மாமா கறியைக் கழுவும்போது நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். ஒரு தோல் துண்டில் மூன்று நான்கு மயிர், கடைக்காரர் பொசுக்கியும் சுரண்டியும் போகாமல், முள்ளாக நின்றிருந்தது. அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடம் கேட்ட பிறகு பகீரென்றது. அந்தத் தோல் அம்மா கையில் தோலாக வந்தால் அந்த மயிரும் கூட வருமே! புறங்கையில் கறுப்புக் கறுப்பாக முள் நிற்கும் கையோடு அம்மா தெருவில் நடப்பதை நினைத்துப் பார்த்தேன். கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு அன்று அது நிஜம். மாமாவிடம் சொல்லலாம் என்று திரும்பினால் அவர் சுவர் நிழலில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாய் வந்தால் விரட்டு, ஊதாதே, மூடியைத் திறக்காதே என்று மூன்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் தூங்கியிருந்தார்.

அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். செங்கல்லைக் குச்சியால் தள்ளிவிட்டேன். மூடியைத் தொட்டால் சுட்டது. பிடிதுணி வேண்டும். வீட்டுக்குள் போனால் அம்மா விழித்துக்கொள்வாள். தாழ்வாரத்துக்கு ஓடினேன். அங்கே ஆணியில் அம்மாவின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்று, தீப்பிடித்த அன்று அவள் போட்டிருந்தது, அன்றோடு போய்விட்டது. இது முந்தின நாள் கழற்றி மாட்டியது. இரண்டு மாதமாக யாரும் அதைத் துவைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அம்மாதான் இனி வேலைக்கே போகப்போவதில்லையே, அந்த ஆணிக்கான சட்டமும் முடிந்துவிட்டது என்பது என் கணக்கு.

சட்டையின் ஒரு கையைச் சுருட்டி மூடியைப் பிடித்துத் தூக்கி வைத்தேன். ஆவியோடு மிளகு மணம் முகத்தில் அடித்தது. குனிந்து அந்தத் துண்டைத் தேடினேன். என் கையில் பாதிதான் சுருட்டியிருந்தது, சட்டையின் மற்றக் கை குழிக்குள் தொங்கியதை நான் கவனிக்கவில்லை. உஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து வெள்ளையாக ஒரு வெளிச்சம், கண் கூசியது. பொறி சிதறிக்கொண்டே மேலே ஏறி வந்தது.

அதை விட்டெறிந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் விட்டெறிந்திருக்கும். நான் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். கையில் இருப்பதைக் கீழே போடக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அதை மெதுவாக எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது காதுக்குப் பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"கீழ போடு தாயி. போடலாம். போடு."

போட்டேன். அம்மா என்னை இடுப்பால் இடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணலை அள்ளி அள்ளி அதன்மேல் போட்டாள். இடது கையால் மட்டும் அல்ல, கட்டுப் போட்டிருந்த வலது கையையும் சேர்த்து. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. என் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை. பாவாடை ஓரத்தில் மட்டும் இரண்டு ஓட்டை.

சத்தத்தில் எழுந்த மாமா தலையில் அடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் மண்ணைப் போட்டு மூடிவிடுகிறேன், நீ உள்ளே போ தாயி என்று அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியில்லாத சட்டிக்குள் கறி மெதுவாகப் புடபுடவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"வேகட்டும்ணே. இன்னும் எம்புட்டு நேரம்?"

இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும் என்றார் மாமா. அம்மா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வீட்டை விட்டு வெளியே வராதவள், லைட்டர் சத்தத்துக்கு மூலையில் ஒண்டியவள், ரெண்டு மணி நேரமும் கங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். கறி வாசனை அவளை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டது என்று நினைத்தேன். திட்டவில்லை என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம்.

இறக்கி வைத்தபோது சதை எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. மாமா ஊட்டப் போனார், நான்தான் ஊட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்துத் தட்டை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். மயிர் உள்ள துண்டு கடைசியில் அகப்பட்டது. தூக்கிப் போட்டால் மாமா ஏன் என்று கேட்பார். ஆகையால் ஒரே வாயாக நானே விழுங்கிவிட்டேன். அம்மாவுக்கு வருவது எனக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று. பல நாள் காலையில் எழுந்ததும் புறங்கையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அம்மா அன்று ஒரு தட்டுச் சோற்றையும் கறியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மறுநாள் கட்டு மாற்ற வந்த நர்ஸ் அக்கா, கட்டு முழுக்க மணல் என்று சத்தம் போட்டார். தடுக்கி விழுந்துவிட்டதாக அம்மா சொன்னாள். மாமா அந்தக் கெடுவுக்குள் இன்னும் நாலு தடவை முன்சப்பை வைத்தார், என்னைக் கிட்டவே விடாமல். அம்மாவும் முட்டையை விழுங்கப் பழகிவிட்டாள். தோல் வைத்துத் தைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. சுண்டுவிரல் மட்டும் இன்றும் நிமிராது. அந்தக் கையால்தான் எனக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள். ஆனால் சித்தி வீட்டு விசில் சத்தத்துக்கு அவள் நடுங்குவது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் நிற்கவில்லை. எங்கள் அடுப்பு வீடு திரும்பியது சித்திரையில்தான். எனக்கு இது ஒரு புதிராகவே இருந்தது. அன்றைக்கு மட்டும் எப்படி உட்கார்ந்திருந்தாள்?

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, அன்றைய முன்சப்பை எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அந்த ருசியை அவள் மறந்திருக்க மாட்டாள் என்று நம்பித்தான் கேட்டேன்.

"எனக்கெங்குட்டுத் தெரியும்? நீ நெருப்புக்கிட்டயே நின்ன. ஒங் கையப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

அந்த ஞாயிறு சாயங்காலம் அப்பா வந்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் வாசலுக்கே ஓடிப்போய், அம்மா அடுப்போடு பழம் விட்டுவிட்டாள், ரெண்டு மணி நேரம் கிட்டவே உட்கார்ந்திருந்தாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சட்டையைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. அப்பா பின்பக்கம் போனார். காலி ஆணியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார், அதன் பக்கத்தில் புதிதாகக் குவிந்திருந்த மணலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பினார். மணிக்கட்டில் அம்மாவின் விரல்கள் நான்கும் பதிந்த தடம் கன்றிப்போயிருந்தது. அப்பா தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து உட்கார்ந்து தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. பன்றிக்கறி வீட்டுக்குள் வந்துவிட்டதில் வருத்தமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வலிக்கவே இல்லை, அம்மாவுக்கு ரொம்பப் பசி, அதனால்தான் இப்படி இறுக்கிப் பிடித்துவிட்டாள் என்று நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன்.